நண்பனிடம் தோற்றால் எத்தனை புள்ளி போகும்?



ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் நல்லம்பள்ளியில் படிக்கிறீர்கள். உங்களுக்கு ஓர் உயிர்த்தோழன். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அவனோடுதான் செஸ் ஆட்டம். இன்று தர்மபுரியில் ஒரு செஸ் போட்டி. இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் இருந்த புளிசாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே போகிறீர்கள். மூன்று சுற்று முடிந்தது. நாலாவது சுற்றில் யாருக்கு யார் என்று பட்டியல் ஒட்டுகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால்... உங்கள் பெயருக்கு எதிரே உங்கள் தோழனின் பெயர்!

வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது அல்லவா? ஜெயித்தால் அவன் முகம் வாடும். தோற்றால் உங்கள் ரேட்டிங் குறையும். 'பேசாமல் டிரா செய்துகொள்ளலாமா?' என்று மனசு கேட்கும். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் பேசுவானா, மாட்டானா என்ற கவலை வேறு!

இந்தப் பயம் போக ஒரு வழி இருக்கிறது. ரேட்டிங் என்ற அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். வாருங்கள், பார்க்கலாம்.

எண்ணைக் கொடுத்த பேராசிரியர்

அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊரில் அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். 1903-ல் ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். பாடம் நடத்துவதில் எவ்வளவு ஆர்வமோ, அவ்வளவு ஆர்வம் செஸ் ஆடுவதிலும் அவருக்கு உண்டு.

ஓர் ஆட்டக்காரரின் பலத்தை எப்படி அளப்பது? உயரத்தை அளக்க டேப் இருக்கிறது. எடையை அளக்கத் தராசு இருக்கிறது. திறமையை அளக்க? 'பத்து ஆட்டத்தில் எட்டு ஜெயித்தேன்' என்று சொன்னால் போதாது. யாரை ஜெயித்தீர்கள் என்பதல்லவா முக்கியம்! இதற்காக எலோ ஒரு கணக்கை உருவாக்கினார். 1960-ல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 1970-ல் 'பிடே' என்ற உலக செஸ் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இன்றும் அதை 'எலோ ரேட்டிங்' என்கிறார்கள்.

கோலிக்குண்டுக் கணக்கு

எலோவின் கணக்கில் பெரிய சூத்திரம் எல்லாம் உண்டு. நாம் அதைக் கோலிக்குண்டு வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் 40 கோலிக்குண்டு வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு மொத்தக் குவியலும் சொந்தம். டிரா ஆனால் ஆளுக்கு 20. ஆனால் யார் எத்தனை குண்டு வைப்பது? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது!

இருவரும் சம பலம் என்றால், ஆளுக்கு 20 வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு 20 லாபம். தோற்றவருக்கு 20 நஷ்டம். டிரா என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

உங்கள் ரேட்டிங் 1500, தோழனின் ரேட்டிங் 1700 என்று வைத்துக்கொள்வோம். அவர் பலசாலி. அதனால் அவர் சுமார் 30 குண்டு வைக்க வேண்டும். நீங்கள் 10 வைத்தால் போதும். நீங்கள் தோற்றால் போவது 10 மட்டுமே. ஜெயித்துவிட்டால் 30 லாபம்! டிரா செய்தால்கூட ஆளுக்கு 20 என்பதால் உங்களுக்கு 10 ஏறும். அவருக்கு 10 இறங்கும். வித்தியாசம் 400 புள்ளி என்றால் பலசாலி ஏறக்குறைய 37 வைக்க வேண்டும். நீங்கள் வைப்பது வெறும் 3.

ஏன் இப்படி? 200 புள்ளி வித்தியாசம் இருக்கும் இருவர் நூறு ஆட்டம் ஆடினால், பலசாலிக்கு சுமார் 76 புள்ளி கிடைக்கும் என்பது எலோவின் கணக்கு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை. எதிர்பார்த்தபடியே ஜெயித்தால் பரிசு சின்னது. எதிர்பாராமல் ஜெயித்தால் பரிசு பெரியது. அவ்வளவுதான் ரகசியம்!

இன்னொரு விஷயம். 40 குண்டுக் குவியல் என்பது 18 வயது வரை, 2300 புள்ளிக்குக் கீழே இருப்பவர்களுக்கும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும்தான். மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. சின்னப் பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள் அல்லவா? அதனால் அவர்கள் எண்ணும் வேகமாக ஏறி இறங்கும். ஒரே போட்டியில் நூறு புள்ளி போய்விட்டதே என்று அழாதீர்கள். போன வேகத்திலேயே திரும்பியும் வரும்.

முதல் எண் எப்படிக் கிடைக்கும்?

ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும். அதில் கிடைக்கும் கணக்கு 1400-ஐத் தொட்டால்தான் பட்டியலில் எண் வரும். 2024 மார்ச்சில் வந்த விதி இது. புதிய பட்டியல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வெளியாகும்.

கிராண்ட் மாஸ்டர் ஆக வேண்டுமானால் 2500 புள்ளியைத் தொட வேண்டும். பெரிய போட்டிகளில் மூன்று முறை தகுதியும் பெற வேண்டும். சென்னையைச் சேர்ந்த வைஷாலி 2023 டிசம்பரில் 2500-ஐத் தாண்டினார். அவர் தம்பி பிரக்ஞானந்தா 2018-லேயே கிராண்ட் மாஸ்டர். உலகில் அக்காவும் தம்பியும் கிராண்ட் மாஸ்டராக இருப்பது இதுவே முதல் முறை. அக்கா ஆடுவதைப் பார்த்துச் செஸ் பழகிய தம்பி அவர்!

37 ஆண்டு, 4 புள்ளி

விஸ்வநாதன் ஆனந்தை உங்களுக்குத் தெரியும். மயிலாடுதுறையில் பிறந்தவர், இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர், ஐந்து முறை உலகச் சாம்பியன். 1986 ஜூலை முதல் இந்தியர்களில் ரேட்டிங்கில் முதலிடம் அவருக்குத்தான். உங்கள் அப்பா, அம்மா பள்ளியில் படித்த காலம் முழுவதும் அவர்தான் முதலிடம்!

2023 செப்டம்பர் 1-ஆம் தேதி பட்டியல் வந்தது. சென்னைச் சிறுவன் குகேஷ் 2758. ஆனந்த் 2754. நாலே புள்ளி! 37 ஆண்டுக்குப் பிறகு முதலிடம் கைமாறியது. குகேஷுக்கு அப்போது வயது 17.

ஆனந்துக்கு வருத்தமாக இருந்திருக்குமோ? கொஞ்சம் யோசியுங்கள். குகேஷ், பிரக்ஞானந்தா போன்ற இளம் வீரர்களுக்கு 2020 முதல் வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தவரே ஆனந்த்தான். தன்னைத் தாண்டப் போகிறவர்களைத் தானே தயார் செய்த ஆசான் அவர்! அந்தக் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

மாலையில் நடைப்பயணம், மறுநாள் மோதல்

2023 ஆகஸ்டில் அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரில் உலகக் கோப்பை செஸ் நடந்தது. காலிறுதியில் பிரக்ஞானந்தாவும், தெலங்கானாவின் வாரங்கல்லைச் சேர்ந்த அர்ஜுன் எரிகைசியும் மோதினார்கள். இருவரும் நல்ல நண்பர்கள். முதல் ஆட்டம் அர்ஜுனுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. இப்படியே சமமாக இழுத்துக்கொண்டு போய், கடைசி ஒற்றை ஆட்டத்தில் 5-4 என்று பிரக்ஞானந்தா ஜெயித்தார்.

இந்த மோதல் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் பாகு வீதிகளில் ஒன்றாக நடந்து போனார்கள்! அரையிறுதி வாய்ப்பு யாருக்கு என்று முடிவாகாத நேரம் அது. பலகையின் முன்னால் எதிரி. பலகையை விட்டு எழுந்தால் நண்பன்.

இன்னொரு கதை கேளுங்கள். 2025 பிப்ரவரி 2. நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ ஊரில் டாடா ஸ்டீல் போட்டியின் கடைசிச் சுற்று. குகேஷும் பிரக்ஞானந்தாவும் 8.5 புள்ளியோடு முதலிடத்தில் சமமாக இருந்தார்கள். குகேஷுக்கு எதிரே யார் தெரியுமா? அதே அர்ஜுன்! 2024 டிசம்பர் பட்டியலில் 2801 புள்ளியைத் தொட்டு, ஆனந்துக்குப் பிறகு 2800-ஐத் தாண்டிய இரண்டாவது இந்தியர் என்று பெயர் எடுத்தவர் அர்ஜுன். ஆனால் இந்தப் போட்டி அவருக்குச் சரியாக அமையவில்லை. பரிசு கிடைக்க வழியே இல்லை. 'நமக்குத்தான் ஒன்றும் இல்லையே, நண்பனாவது ஜெயிக்கட்டும்' என்று அவர் விட்டுக்கொடுத்தாரா? இல்லை. முழு பலத்தோடு ஆடிக் குகேஷைத் தோற்கடித்தார்.

பிரக்ஞானந்தாவும் ஜெர்மனியின் வின்சென்ட் கைமரிடம் தோற்றார். மறுபடியும் சமம். அதிவேக ஆட்டங்களில் முதலாவது குகேஷுக்கு. அடுத்த இரண்டும் பிரக்ஞானந்தாவுக்கு. கோப்பையும் அவருக்கே!

விட்டுக்கொடுப்பது நட்பா?

அர்ஜுன் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குகேஷின் வெற்றி பொய்யாகியிருக்கும். பிரக்ஞானந்தாவுக்கு அநியாயம் நடந்திருக்கும்.

உங்கள் நாலாவது சுற்றுக்கு வருவோம். தோழனுக்காக வேண்டுமென்றே தோற்றால், அவனுக்கு 20 குண்டு சும்மா கிடைக்கும். அவன் எண் அவன் பலத்தைவிடப் பெரிதாகிவிடும். அடுத்த போட்டியில் அந்த எண்ணுக்குத் தகுந்த எதிர்பார்ப்போடு ஆட வேண்டும். டிரா செய்தால்கூட இறங்கும். நீங்கள் கொடுத்த குண்டு அவன் பையில் தங்காது. தான் எங்கே தவறுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அவனுக்குப் போய்விடும். முன்பே பேசி வைத்து டிரா செய்வதும் குற்றம்தான்; விதியே அதை அனுமதிப்பது இல்லை.

அணையின் அளவுகோல்

நல்லம்பள்ளி வட்டாரப் பிள்ளைகளுக்குத் தொப்பையாறு அணை தெரிந்திருக்கும். அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று கணக்கு எடுப்பார்கள். மழை வந்தால் ஏறும். வெயில் காய்ந்தால் இறங்கும். நீர்மட்டம் இறங்கினால் அணை சின்னதாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? ரேட்டிங்கும் அப்படித்தான். அது இன்றைய நீர்மட்டம். நீங்கள்தான் அணை.

உலகச் சாம்பியன் குகேஷுக்கே, 2025 மார்ச்சில் 2787 இருந்த எண் அதே ஆண்டு அக்டோபரில் 2752 ஆகிவிட்டது. அதற்காக அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. சிலர் எண் குறைந்துவிடுமோ என்று பயந்து போட்டிக்கே போக மாட்டார்கள். அணையில் நீர் குறையக் கூடாது என்று மதகையே திறக்காமல் வைத்தால் வயல் என்ன ஆகும்?

தட்டுக்கும் ரேட்டிங் உண்டு!

'டிஸ்க் கோல்ஃப்' என்று ஒரு விளையாட்டு. வட்டத் தட்டை வீசி, தொலைவில் சங்கிலி தொங்கும் கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றியாளர். இதன் சங்கம் 1976-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இங்கே எதிராளி உங்களைத் தடுக்க மாட்டார். ஆனாலும் ரேட்டிங் உண்டு. அதே மைதானத்தில், அதே நாளில் மற்றவர்கள் எத்தனை வீச்சில் முடித்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். கடைசி ஓராண்டு ஆட்டங்களின் சராசரிதான் ரேட்டிங். அதில் மிகச் சமீபத்திய கால்பங்கு ஆட்டங்களுக்கு இரட்டை மதிப்பு. மிக மோசமான ஒரு நாள் வந்துவிட்டால் அந்த ஆட்டத்தை ஒதுக்கியே விடுவார்கள். நல்ல மனசு இல்லையா!

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பிலேயே ஒரு ரேட்டிங் பட்டியல் போடுங்கள். செஸ், கேரம் எதுவானாலும் சரி. எல்லோருக்கும் முதலில் 1000. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 40 புள்ளிக் குவியல்:

வித்தியாசம் 0 - ஆளுக்கு 20.
வித்தியாசம் 100 - பலசாலி 26, மற்றவர் 14.
வித்தியாசம் 200 - பலசாலி 30, மற்றவர் 10.
வித்தியாசம் 400 - பலசாலி 37, மற்றவர் 3.

இடைப்பட்ட வித்தியாசத்துக்கு, அருகில் உள்ள வரியைப் பாருங்கள். ஜெயித்தவருக்கு 40-ம். டிரா என்றால் ஆளுக்கு 20. ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். யார் யாரைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்று தெரியும். வகுப்பின் மொத்தப் புள்ளி மட்டும் மாறாது. கூட்டிப் பார்த்துச் சரிபாருங்கள்!

சரி, அந்த நாலாவது சுற்று? தோழனுக்குக் கைகொடுங்கள். முழு மூச்சோடு ஆடுங்கள். முடிந்ததும் மறுபடி கைகொடுத்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்து 'எந்த நகர்த்தலில் தப்பு செய்தோம்?' என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பெரிய வீரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அப்புறம் பஸ்ஸில் அதே சீட்டுதான்.

டப்பாவில் புளிசாதம் மிச்சம் இருந்தால், ஜெயித்தவர் முதலில் தோழனுக்குக் கொடுக்க வேண்டும். சரிதானே?