பந்தயக்காரர் ரோட்டில் இறங்கினால்

2010 மார்ச்சில் மெல்போர்ன் பந்தயத்துக்குப் போயிருந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன், வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்த கையோடு, பந்தயத் தடத்துக்கு வெளியே பொதுச் சாலையில் மெர்சிடிஸ் காரின் டயர்களைத் தேய்த்துப் புகை கிளப்பி, வண்டியை இடமும் வலமுமாக அலையவிட்டார். போலீஸ் நிறுத்திக் காரைப் பறிமுதல் செய்தது. ஆகஸ்டில் நீதிமன்றம் 500 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வேண்டுமென்றே வண்டியைக் கட்டுப்பாடு இழக்கச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. வண்டியைக் கட்டுப்படுத்துவதில் அவரை மிஞ்ச அன்று உலகத்தில் நாலு பேர் இருந்திருந்தால் அதிகம். 2007 டிசம்பரில் பிரான்சில் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பிடிபட்டு, அந்த நாட்டில் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை வாங்கியவரும் அவர்தான்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் ரசிகர்கள் ஒன்று சொல்வார்கள்: “அவருக்கு ஓட்டத் தெரியும், ஒன்றும் ஆகாது.” இந்த நம்பிக்கையை 1974-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆலன் வில்லியம்ஸ், பிரையன் ஓ’நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஃப்ளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களில் பந்தய உரிமம் வைத்திருந்தவர்களின் சாலைப் பதிவேடுகளை எடுத்து, சாதாரண ஓட்டுநர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வேகக் குற்றங்கள் பந்தயக்காரர்களிடமே கூடுதல். மொத்தத்தில் விபத்துகளும் அவர்களிடமே கூடுதல். பிரேக்கை எப்போது, எவ்வளவு அழுத்துவது என்பது கைப்பழக்கம். எந்த வேகத்தில் போவது என்பது மனசு எடுக்கும் முடிவு. முதலாவதில் தேர்ந்தவர் இரண்டாவதிலும் தேர்ந்திருப்பார் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. 1958-ன் உலகச் சாம்பியன் மைக் ஹாதார்ன் பந்தயத்திலிருந்து உயிரோடு ஓய்வு பெற்றார். சில மாதங்களிலேயே, 1959 ஜனவரியில், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு புறவழிச் சாலையில் தெரிந்தவர் ஒருவரின் காரை முந்திப் போனபோது இறந்தார். வயது 29.

சென்னையும் இதைப் பார்த்திருக்கிறது. 2016 செப்டம்பர் 19 அதிகாலை, கதீட்ரல் சாலை ஓரம் வரிசையாக நின்ற ஆட்டோக்கள் மீது ஒரு போர்ஷே கார் பாய்ந்தது. சேதமானவை பத்துக்கும் மேல். ஓர் ஆட்டோ ஓட்டுநர் உயிரிழந்தார். கைதானவர் சட்டக் கல்லூரி மாணவர், கார் பந்தயங்களில் ஓட்டியவர். ராத்திரி முழுக்கச் சவாரி பார்த்துவிட்டு வண்டியிலேயே சுருண்டு படுப்பவர்களுக்குப் பந்தயத்தோடு என்ன சம்பந்தம்?

டிடிஎஃப் வாசன் தொழில்முறைப் பந்தய வீரர் இல்லை. யூடியூபில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் பைக்காரர். ஆனாலும் தமிழ்நாட்டில் ஒரு சாகச ஓட்டத்துக்குக் கிடைத்த தண்டனை என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அவருடையதுதான். 2023 செப்டம்பர் 17-ல் காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கப்போய் விழுந்தார். பந்தய உடை காப்பாற்றியது. கை முறிவோடு தப்பினார். ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரை பத்து ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. கடுமை என்று அப்போது பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரைப் பார்த்து வீலிங் பழகும் பையன் லுங்கியும் செருப்புமாக, தலையில் ஒன்றுமில்லாமல் போகிறான்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். விழுந்தால் உருண்டு போக இடமுண்டு. கொடி காட்ட ஆளுண்டு, ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். ஆபத்து தெரிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கியவர்கள் மட்டுமே தடத்தில் இருப்பார்கள். எங்கள் மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போகும் கடலூர்–பண்ருட்டி சாலையில் இதில் ஒன்றுகூட இல்லை. அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டால் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். 2023 ஜூன் 19 காலை இங்கேதான் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. பலர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் எழுபதுக்கும் மேல். முன் டயர் வெடித்ததுதான் காரணம் என்றார்கள். யாரும் பந்தயம் விடாத நாளிலேயே இந்தச் சாலை இவ்வளவு கேட்கும். டயர் வெடித்த நொடியில் வண்டி எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வேகம். அங்கே பரிசுக் கோப்பைகள் உதவிக்கு வராது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் விடுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பல லட்ச ரூபாய் பைக்கில் வருபவருக்கு 5,000 ரூபாய் ஒரு பொருட்டே அல்ல. பந்தயக்காரருக்கு வலிக்கும் இடம் வேறு. ஹாமில்டன் விவகாரம் நடந்த அதே ஆண்டின் இறுதியில், சாலையில் பெரிய குற்றம் செய்யும் ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் பந்தய உரிமமான சூப்பர் லைசென்சையே பறிக்க வழிசெய்யும் விதியைச் சர்வதேச மோட்டார் சம்மேளனம் கொண்டுவந்தது. இந்தியப் பந்தயங்களுக்கு உரிமம் கொடுக்கும் கூட்டமைப்பு சென்னையிலேயே இருக்கிறது. சாலையில் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்குப் பதிவாகி, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அந்த வீரரின் பந்தய உரிமத்தை அது நிறுத்திவைக்க வேண்டும். ஒரு சீசன் போனால் ஸ்பான்சர் போவார், இடத்தை இன்னொருவர் பிடிப்பார். அது அவர்களுக்குத் தெரியும். அதற்கு அவர்கள் பயப்படுவார்கள்.