தீட்டாத கத்தி

ஜொகூர் மாநிலத்தில், ரெங்கமுக்கும் கூலாய்க்கும் இடையே இரயில் பாதையை ஒட்டியுள்ள ஊர் லாயாங் லாயாங். அவ்வட்டாரத் தோட்டமொன்றில், பால்வெட்டுத் தொழிலில் இறங்கிய முதலாண்டில் நாம் இழைத்த பிழையொன்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஒருநாள் மாலை பந்தாட்டம் பார்க்கச் சென்றுவிட்டோம், கத்தியைத் தீட்டவில்லை. நேற்றுத் தீட்டியதுதானே, இன்னும் ஒருநாள் தாங்கும் என்னும் எண்ணம். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்குடன் நிரையில் இறங்கினோம். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவவில்லை; பிய்த்தது. ஆகவே கை தானாகவே அழுத்தத் தொடங்கியது. வெளிச்சம் வந்தபின் மண்டோர் வந்து பார்த்தார். 9 மரங்களில் வெட்டுக்கோட்டின் மேலே வெள்ளைக் கட்டை தெரிந்தது. அவர் ஏசவில்லை. காயத்தை விரலால் தடவி, "தம்பி, இந்தப் பட்டைக்கு மறுபடியும் கத்தி வரும்போது இந்த நிரையில் யார் நிற்பார்களோ!" என்று மட்டும் சொல்லிச் சென்றார். ஏசியிருந்தால் அன்றே மறந்திருப்போம்.

அவர் கூறியதன் பொருள் பின்னரே விளங்கிற்று. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுவே. பால் குழாய்கள் மிகுதியாக இருப்பதும் அப்படலத்தை அடுத்துத்தான். ஆகவே பால் வேண்டுமானால் அதன் அருகில் செல்ல வேண்டும். மரம் வேண்டுமானால் அதைத் தொடலாகாது. இடையே விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். இவ்வளவு நுண்ணிய வேலையை அரையிருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில் செய்கின்றோம். கூரிய கத்தி கைக்கு அடங்கும். மழுங்கிய கத்திக்குக் கை அடங்கிவிடும். காயம்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாகவே வளரும்.

அமேசான் காடுகளில் முற்காலத்தில் சிறு கோடரியால் கொத்தியே பாலெடுத்தனர், மரங்கள் புண்பட்டன. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, பழைய வெட்டையே மெல்லியதாகச் சீவிப் புதுப்பித்து வந்தால் மரம் கெடாமல் பால் தரும் எனக் காட்டினார். தீட்டாத கத்தியுடன் நிரைக்குச் சென்ற நாம் ரிட்லிக்கு முந்திய காலத்திற்கே போய்விட்டோம் எனலாம்.

அன்றுமுதல் மாலைக் குளியலுக்கு முன் கத்தி வேலையை முடித்துவிடுவது வழக்கமாயிற்று. சிறு தீட்டுக்கல்லை நீரில் நனைத்து, வளைவின் உட்புறத்தையும் விடாமல் தேய்ப்போம். கால் மணி நேரம் போதும். வாளியையும் அப்போதே கழுவிக் கவிழ்த்துவிடுவோம். முதல்நாள் பால் ஒட்டியிருந்தால் அதிலுள்ள புளிப்புப் புதுப்பாலையும் திரித்துவிடும். பாலாக நிறுக்க வேண்டியது கட்டியாகிவிடும், விலையும் குறையும். மங்குகளைத் துடைப்பதும் இதன்பொருட்டே. காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நேரம் கிட்டாது. வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியும். அந்த நேரத்தைத் தீட்டுக்கல்லுக்குக் கொடுக்க எவர்க்கு மனம் வரும்?

பதினோராம் ஆண்டில் அப்பக்கத்துப் பட்டை மறுவெட்டுக்கு வந்தது. அப்போது அந்நிரை எம் தங்கைக்குக் கிடைத்திருந்தது. முதல்நாள் வேலை முடிந்து வந்தவள், கத்தி நிற்காமல் துள்ளுகின்ற மரங்கள் சில உண்டென்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை என்று கேட்டோம்.

"ஒன்பது அண்ணே" என்றாள்.