குகையும் குடைவரையும்

நம் மலைக்கோயில்களைப் பற்றி எழுதிய ஆங்கில ஆசிரியர்கள் 'கேவ்' என்னும் சொல்லையும் 'ராக்-கட்' என்னும் சொல்லையும் ஒரே பொருளுடையனபோல் நெடுங்காலம் பிரயோகித்து வந்திருக்கிறார்கள். 1845-இல் தம் நூலுக்கு 'ராக்-கட் டெம்பிள்ஸ்' என்று பெயர் வைத்த ஜேம்ஸ் பெர்குசனே, 1880-இல் ஜேம்ஸ் பர்ஜெஸுடன் சேர்ந்து வெளியிட்ட நூலைக் 'கேவ் டெம்பிள்ஸ்' என்று அழைத்தார். அவ்வழக்கைப் பின்பற்றி நாமும் சாமான்யமாகக் குகைக்கோயில் என்றே சொல்லிவருகிறோம்.

ஆனால் இரண்டுக்கும் உள்ள பேதம் அற்பமானதன்று. முன்னது இயற்கையின் சிருஷ்டியாகிய பொந்து. பின்னது மனிதன் உளிகொண்டு குடைந்தெடுத்த குடைவரை. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குச் செல்லும் வழியிலுள்ள குன்றக்குடியில் இரண்டையுமே காணலாம்: பண்டைத் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த இயற்கைக் குகைத்தளம் ஒன்று; மலையடிவாரத்தில் பிற்காலத்தார் குடைந்த கோயில்கள் வேறு.

பிள்ளையார்பட்டியிலோ குகை என்னும் சொல்லுக்குச் சற்றும் இடமில்லை. வடக்கு நோக்கி, இரு கரங்களோடு, வலம்புரித் துதிக்கையோடு, ஏறக்குறைய ஆறடி உயரத்தில் வீற்றிருக்கும் கற்பக விநாயகர், வேறிடத்தில் வடித்துக் கொணர்ந்து பிரதிஷ்டை செய்யப்பெற்ற விக்கிரகமல்லர்; மலையே அவர். உள்ளே திருவீசரின் இலிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டதுதான். நகரத்தார் பிற்காலத்தில் எழுப்பிய மண்டபங்களும் கோபுரமும் அசைக்கவொண்ணாத இம்மூர்த்திகளை அனுசரித்தே அமைந்தன.

கட்டடத்தில் பிழைபட்ட கல்லைப் பெயர்த்துவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். குடைவரையிலோ தூணாகவும் தெய்வமாகவும் நிற்கவேண்டிய பாகத்தை முன்னரே மனத்தில் கண்டு, அதனை விட்டு மற்றவற்றை நீக்கவேண்டும். மூக்கில் ஓர் உளியடி பிசகினால் அதைச் சரிசெய்ய ஒட்டுக்கல் உதவாது. இத்தனை மனோதிடத்தையும் 'கேவ்' என்னும் ஒரு சொல் மறைத்துவிடுகிறது என்பதே என் குறை. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றித் தான் கோயில் ஆக்குவித்ததைச் சாசனத்தில் பெருமிதத்தோடு பொறித்தான்; அது அரசன் குரல். பிள்ளையார்பட்டிக் குடைவரையிலோ, எழுத்தமைதியால் மிகப் பழையதென அறிஞர் கருதும் கல்வெட்டொன்று, எக்காட்டூரைச் சார்ந்த பெருந்தச்சன் ஒருவனைக் குறிப்பதாகப் படிக்கப்பெறுகிறது. உளி பிடித்தவனின் பெயரைத் தாங்கி நிற்கும் அப்பாறையைக் குகை என்றழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.