விதி மாற்றமும் விருப்ப உழைப்பும்

கூலியுழைப்பின்மீது அமைந்த நிறுவனமொன்றில் விதி மாறும்போது, அதனை ஏற்காத தொழிலாளி வேலையை இழக்கிறார். ஊதியமின்றிப் பலர் கூடி ஆக்கும் திறந்த மூல மென்பொருள் திட்டத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு விதியை ஏற்காதவர் விலகுவாராயின், திட்டமே அவரது உழைப்பை இழக்கிறது. விதி மாற்றம் அங்கு சிக்கலான பிரச்சினையாவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

ஓர் ஒப்புநோக்கு இதனைத் தெளிவாக்கும். கரையூர் என முன்னர் வழங்கிய குருநகரில் உள்ளூர் இழுவைப் படகுகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. 2017 இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. கடலடி வளத்தைக் காக்க அத்தடை அவசியமானதே. ஆயினும் சட்டம் வந்ததும் அத்தொழில் ஒழிந்துவிடவில்லை. தண்டிக்கும் ஆற்றலுடைய அரசின் விதிக்கே இந்நிலையெனில், அவ்வாற்றல் சிறிதுமற்ற தன்னார்வக் குழுவின் விதி எதன்மீது நிற்கும்?

1993 இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டத்தின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது. 1998 இல் தனக்கென ஓர் யாப்பினை வகுத்துக்கொண்ட திட்டம் அது. கணினி தொடங்கும்போது ஏனைய நிரல்களை இயக்கிவைக்கும் பொறுப்பைச் சிஸ்டம்டி என்னும் மென்பொருளிடம் ஒப்படைப்பதா என்ற வினா அங்கு கடும் விவாதத்தைக் கிளப்பிற்று. 2014 பெப்ரவரியில் தொழினுட்பக் குழுவின் வாக்குகள் சமநிலையுற, தலைவரின் தீர்மான வாக்கே முடிவைத் தந்தது. முடிவு யாப்புக்கு உடன்பட்டதே. எனினும் அவ்வாண்டிலேயே அதிருப்தியாளர் சிலர் பிரிந்து டெவுவான் என்னும் கிளைத்திட்டத்தை அறிவித்தனர். மூல நிரலை எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமம் இப்பிரிவைச் சாத்தியமாக்கிற்று. முறைப்படி எடுத்த முடிவு வேறு, ஏற்கப்பட்ட முடிவு வேறு என்பது இதனாற் புலனாகும்.

தமிழ்ச் சூழலில் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்கு அண்மித்த சான்றாகும். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் அடித்தளத்தை இட்டோருள் முதன்மையானவர். கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அதில் கட்டுரைகளைச் சேர்க்க முற்பட்டபோது, எண்ணிக்கை பெருகிற்று. ஆயின் நடை சிதைந்தது, தலைப்புகளின் தேர்வும் தமிழ் வாசகரின் தேவையிலிருந்து விலகிற்று. பிழை திருத்தும் சுமை ஊதியமற்ற பங்களிப்பாளர்மீது விழுந்தது. அளவால் மதிப்பிடப்படும் கூலியுழைப்புக்கும் அக்கறையால் இயங்கும் விருப்ப உழைப்புக்குமிடையிலான முரண்பாடே இங்கு வெளிப்பட்டது. வங்காள விக்கிப்பீடியர் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியரோ தம் எதிர்ப்பை வெளியிட்டதோடு, நிறுவனத்துடன் உரையாடித் தலைப்பும் தரமும் பற்றிய நெறிகளை வற்புறுத்தினர். 2010 இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் இவ்வனுபவத்தை ஆய்வுரையாக முன்வைத்தார்.

இத்தகைய குழுக்களை இலட்சியச் சமுதாயமாகக் கருதிவிடுவதும் தவறாகும். 'கருத்தொருமிப்பு' எனப்படுவது பல வேளைகளில் ஓய்வும் ஆங்கிலமும் கணினியும் வாய்த்தோரின் ஒருமிப்பே. இரவெல்லாம் கடலில் நின்று விடியலில் கரைசேரும் தொழிலாளிக்கு, வாரக்கணக்கில் நீளும் எழுத்து விவாதத்தில் பங்குகொள்ள நேரமேது? மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் நடைமுறை, இவ்வாறு வர்க்க வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஆகவே, விதியை மாற்ற விழைவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். மாற்றத்தின் காரணம் எழுத்தில் முன்வைக்கப்படல் வேண்டும்; கருத்துரைக்கப் போதிய காலம் அளிக்கப்படல் வேண்டும்; மாற்றத்தால் வேலைச்சுமை கூடுவோரின் குரல் முதலிற் கேட்கப்படல் வேண்டும். புதிய விதி குறித்த காலத்துக்குப் பரீட்சிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படுவதும், தோற்ற தரப்பின் வாதங்கள் பதிவில் நிலைப்பதும் அவசியம். ஏனெனில் இன்றைய சிறுபான்மைக் கருத்து நாளைய தேவையாகலாம்.

உழைப்போரே விதியை ஆக்குவோராகவும் இருக்கும்போதுதான் பொதுச்சொத்து உண்மையிற் பொதுவானதாகும். மென்பொருளுக்கும் கடலுக்கும் இது ஒருங்கே பொருந்தும்.