ஹார்ன் அடிச்சா மட்டும் போதுமா?

சாரல் விழ ஆரம்பிச்சாச்சுன்னா எங்க வடகரை, பண்பொழி பக்கம் ரோடெல்லாம் கார்மயம்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். வெளியூர்க்காரர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண் மலை மேல, காது பாட்டு மேல, மனசு அருவி மேல. ரோட்டோரம் மங்குஸ்தான் கடையைப் பார்த்துவிட்டால் மட்டும் கால் பிரேக் மேல! பின்னால் பைக்கில் வருகிற நம்ம கதி?

சிரிப்பு சமாச்சாரம் இல்லை சார் இது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள்.

"நான் பார்க்கவே இல்லைங்க!" விபத்து நடந்ததும் கார்க்காரர் சொல்லும் முதல் வசனம் இது. பல சமயம் அது பொய்யே இல்லை. எதிரே நேராக வரும் பைக், கண்ணுக்கு ஒல்லியான புள்ளி. நகர்வதே தெரியாது. 'தூரத்துலதானே வர்றான்' என்று நினைத்து வண்டியைத் திருப்பிவிடுவார். ஆகவே, பார்க்க வைப்பது நம்ம பொறுப்பு. எப்படி?

* புளியரை வழியா கேரளா போகும் லாரிக்குப் பின்னால் போறீங்களா? அதன் சைடு கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரியலை. கொஞ்சம் பின்வாங்குங்க.

* 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். பழைய வண்டியா? பகலிலும் போடுங்க. "லைட் எரியுது" என்று விரலை மடக்கிக் காட்டும் புண்ணியவான்களுக்கு ஒரு புன்னகை போதும்.

* கிளை ரோட்டில் கார் மூக்கை நீட்டுதா? வேகத்தைக் குறைத்து, உங்க பாதைக்குள்ளேயே லேசாக வலது இடது நகருங்க. நெளிகிற வெளிச்சம் கண்ணை இழுக்கும். ரோடு ஈரமாயிருந்தால் இது வேண்டாம்.

* நிற்கும் முன் பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொடுங்க. பின்னால் சிவப்பு விளக்கு சிமிட்டும்.

* கறுப்பு ரெயின்கோட், கறுப்பு ஹெல்மெட், கறுப்பு பைக். மழை இருட்டில் எமன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவீங்க! 2004-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், பளிச்சிடும் உடை போட்டவர்களுக்குக் காயப்படும் அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளைக்கு 24 சதவீதம் குறைவு.

ஹார்ன்? அடிங்க. முன்கூட்டியே, சுருக்கமா. ஆனால் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யும் பாட்டும் போட்டவருக்கு அது கேட்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே விநாடியில் 11 மீட்டர் போய்விடுவோம். விரல் பிரேக்கிலேயே இருக்கட்டும்.

பி.காம்.மில் ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று உண்டு. பணம் வந்தாலும் வரும், வராமலும் போகும். வராது என்றே நினைத்து லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி வை என்பார்கள். கார்க்காரரின் கவனமும் ஐயக்கடன்தான். பத்தடி கூடுதலா ஒதுக்கி வையுங்க. வசூலானால் லாபம், ஆகாவிட்டாலும் ஆள் பத்திரம்!