ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு கேள்வியும்

எண்ணெய் வாங்குவது சிறிய விடயம் என்றே நாம் நினைக்கிறோம். கடைக்குப் போகிறோம், விலையைக் கேட்கிறோம், கையிலிருக்கும் காசுக்கு ஏற்றதை வாங்கி வருகிறோம். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதனுள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் வாங்கியதால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு நாட்டில் பட்ட துன்பத்தை அறிந்தால், இது சிறிய விடயம் அல்ல என்பது புரியும். அந்த நாடு ஸ்பெயின்.

உலகில் மிக அதிகமாக ஒலிவ் எண்ணெய் உற்பத்தியாகும் நாடு ஸ்பெயின்தான். அதன் தெற்கேயுள்ள ஹயென் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்ட ஒலிவ் மரங்கள் நிற்கின்றன. பஸ்ஸில் மணிக்கணக்காகப் பயணித்தாலும் இரு புறமும் மலைச்சரிவெல்லாம் ஒலிவ் மரங்களே வரிசையாகத் தெரியும். அந்நாட்டுக்குச் செல்பவர்கள் திரும்பும்போது உறவினருக்கென ஒரு போத்தல் எண்ணெயாவது வாங்கி வருவது வழக்கம். எதை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை அறியும் முன், அந்த மண்ணில் எண்ணெய்க்கும் பெண்களுக்கும் உள்ள தொடர்பைச் சற்றுப் பார்ப்போம்.

நிலத்தில் குனிந்த பெண்கள்

ஒலிவ் அறுவடை ஒக்டோபர் மாதமளவில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நடக்கும். முன்னைய காலத்தில் ஆண்கள் நீண்ட தடிகளால் கிளைகளை அடித்துக் காய்களை உதிர்ப்பார்கள். உதிர்ந்தவற்றை, உறைபனி படிந்த நிலத்தில் முழந்தாளிட்டுப் பொறுக்குவது பெண்களின் வேலை. விரல்கள் விறைக்க விறைக்க நாள் முழுவதும் பொறுக்கினாலும், ஆண்களை விடக் குறைந்த கூலியே அவர்களுக்குக் கிடைத்தது.

1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. யுத்தம் ஓய்ந்த பின்னும் பசி ஓயவில்லை. 1952 வரை பாண், எண்ணெய் போன்ற பொருட்கள் பங்கீட்டு அட்டைக்கே வழங்கப்பட்டன. கிடைத்த அளவு குடும்பத்துக்குப் போதவில்லை. கணவனை இழந்த பெண்களும், கணவன் சிறையிலிருந்த பெண்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக எண்ணெயையும் மாவையும் மறைத்துக் கொண்டுசென்று விற்றார்கள். அகப்பட்டால் பொருளும் போகும், தண்டமும் கட்டவேண்டும். ஒரு சிறு போத்தல் எண்ணெயின் பெறுமதி என்ன என்பதை அந்தத் தாய்மார் நன்கு அறிந்திருந்தார்கள்.

1981இல் நடந்தது

நல்ல ஒலிவ் எண்ணெய்க்குப் பெயர்பெற்ற அதே நாட்டில், 1981 மே மாதம் ஒரு புதுவித நோய் பரவியது. மட்ரிட் நகருக்கு அருகே 8 வயதுச் சிறுவன் ஒருவன் முதலில் இறந்தான். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று குடும்பம் குடும்பமாக வைத்தியசாலைக்கு வந்தார்கள். முதலில் வைத்தியர்கள் இதனை ஒருவகை நிமோனியா என்றே கருதினார்கள். ஆனால் நோய் ஒரு வீட்டில் எல்லோரையும் பிடித்தது, பக்கத்து வீட்டைத் தொடவில்லை. அப்படியானால் காரணம் காற்றில் இல்லை, சமையலறையில் இருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தது.

யூன் 10ஆம் திகதி உண்மை அறிவிக்கப்பட்டது. நடமாடும் வியாபாரிகள் 5 லீற்றர் பிளாஸ்ரிக் கலன்களில், லேபல் எதுவும் இல்லாமல் மலிவாக விற்ற எண்ணெயே காரணம் எனத் தெரிந்தது. ஒலிவ் எண்ணெய் என்று சொல்லி விற்கப்பட்ட அதில், தொழிற்சாலைப் பாவனைக்கென இறக்குமதியான ரேப் விதை எண்ணெய் கலந்திருந்தது. மனிதர் உண்ணக்கூடாது என்பதற்காகவே அந்த எண்ணெயில் அனிலீன் என்ற இரசாயனம் சேர்க்கப்பட்டிருந்தது. இலாபத்துக்காக அதனைச் சுத்திகரித்து உணவு எண்ணெயாக விற்றுவிட்டார்கள்.

ஏறக்குறைய 20,000 பேர் பாதிக்கப்பட்டனர். முதற் சில ஆண்டுகளுக்குள் 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் பெண்களே அதிகம். பலருக்குத் தசைகள் மெலிந்து, கைகால்கள் மடங்கி, வாழ்நாள் முழுவதும் வலி நிலைத்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று குடும்பச் செலவைச் சுருக்க நினைத்து வாங்கிய தாய்மார், தம் கையாலேயே பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்திருந்தார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. ஏமாற்றியவர்களுடையது, கண்காணிக்கத் தவறியவர்களுடையது.

அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சங்கங்களாகச் சேர்ந்து நீதி கேட்டார்கள். 1989இல் எண்ணெய் வியாபாரிகள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. 1997இல், நட்டஈடு வழங்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40 ஆண்டுகள் கழித்து, 2021 ஒக்டோபரில், அவர்களுள் சிலர் மட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தினுள் சென்று, தங்களை மறந்துவிட வேண்டாம் எனக் குரல் கொடுத்தார்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

இன்று ஸ்பெயினில் எண்ணெய்க்குக் கடுமையான சட்டங்கள் உண்டு. உணவகங்களில் கூட, மேசையில் வைக்கும் ஒலிவ் எண்ணெய் திரும்ப நிரப்ப முடியாத, லேபல் உள்ள போத்தலிலேயே இருக்கவேண்டும் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் வாங்குபவர் சில விடயங்களை அவதானிப்பது நல்லது.

முதலில் தரம். போத்தலில் 'விர்ஹென் எக்ஸ்ட்ரா' என்றிருந்தால் அதுவே முதல்தரம். காய்களிலிருந்து இரசாயனம் எதுவும் சேர்க்காமல் நேரடியாகப் பிழிந்தது. அதன் அமிலத்தன்மை 0.8 வீதத்துக்கு மேற்படக்கூடாது. 'விர்ஹென்' என்று மட்டும் இருந்தால் இரண்டாம் தரம். அமிலத்தன்மை 2 வீதம் வரை இருக்கலாம். வெறுமனே 'ஆஸெய்டே டே ஒலிவா' என்றால் சுத்திகரித்த எண்ணெயுடன் நேரடி எண்ணெய் கலந்தது. 'ஒருஹோ' என்ற சொல் இருந்தால் அது பிழிந்து எஞ்சிய சக்கையிலிருந்து எடுத்தது. இவை உண்ணத் தகாதவை அல்ல. ஆனால் முதல்தரத்தின் விலையைக் கொடுத்து இவற்றை வாங்கவேண்டியதில்லை.

இரண்டாவது காலம். ஒலிவ் எண்ணெய் வைத்திருக்க வைத்திருக்க மெருகேறும் பண்டம் அல்ல. புதிதாக இருக்கும்போதே மணமும் குணமும் அதிகம். எனவே 'கொசேச்சா' என்ற சொல்லுக்கு அருகில் அறுவடை ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கலன். வெளிச்சமும் வெப்பமும் எண்ணெயின் பகைவர்கள். கரும்பச்சைப் போத்தலில் அல்லது தகரப் பேணியில் உள்ளதை எடுங்கள். கடை யன்னலில் வெயில்பட அடுக்கியிருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நான்காவது சுவை. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எண்ணெயைச் சுவைத்துத் தரம் சொல்பவர்கள், நிறம் தம்மை மயக்கிவிடாதபடி நீலநிறக் கண்ணாடிக் கிண்ணத்தையே பயன்படுத்துகிறார்கள். பச்சைக்காய் மணம், நாவில் மெல்லிய கைப்பு, தொண்டையில் சிறு காரம் ஆகியவை நல்ல எண்ணெயின் அடையாளங்கள். சிக்கல் மணம் வீசினால் அது பழுதானது. ஹயென் பகுதியின் 'பிக்குவால்' இனம் கைப்பும் காரமும் கூடியது. கத்தலோனியாவின் 'ஆர்பெக்கினா' மென்மையானது. புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது.

ஐந்தாவது இடம். சுற்றுலாக் கடைகளை விட, ஊர்களில் உள்ள 'அல்மசாரா' எனப்படும் எண்ணெய் ஆலைகளிலும், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிலும் நியாயமான விலைக்கு வாங்கலாம். பல இடங்களில் சுவைத்துப் பார்க்கவும் தருவார்கள். சாதாரண சுப்பர் மார்க்கற்றிலும் நல்ல எண்ணெய் உண்டு. தெருவோரத்தில் லேபல் இல்லாத கலனில் விற்பதை மட்டும், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவக் கலனை அனுமதிப்பது நிச்சயமில்லை. ஆதலால் போத்தலை உடுப்புகளால் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். தகரப் பேணியானால் உடையும் பயமில்லை. வீட்டில் அடுப்புக்கு அருகில் வைக்காமல், மூடி இறுக்கி இருட்டான இடத்தில் வைத்து, திறந்த சில மாதங்களுக்குள் பாவித்து முடியுங்கள்.

சகோதரிகளே, நம்மில் பலர் ஸ்பெயினுக்குப் போகாமலே இருக்கலாம். ஆனாலும் எல்லோரும் எண்ணெய் வாங்குகிறோம். இது என்ன எண்ணெய், எங்கே பிழிந்தது, எப்போது பிழிந்தது என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காசு கொஞ்சமாக இருந்தாலும் கேட்கும் உரிமை குறைந்துவிடாது. அந்தக் கேள்வியை 1981இல் கேட்க முடியாமற்போன தாய்மாரை நினைத்து, நாம் அதைக் கேட்டே வாங்குவோம்.