உங்களுக்குத் தெரியுமா? கொச்சித் தாத்தா எந்தச் சர்க்கார்?

“எங்கள் கொள்ளுத்தாத்தா கொச்சியில் சுங்க அதிகாரி” என்று வீட்டில் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது: எந்தக் கொச்சி?

பிரிட்டிஷ் காலத்தில் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ராஜ்யத்தில் இருந்தது. நடந்தே போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சியோ பிரிட்டிஷாரிடம், மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே மட்டாஞ்சேரித் தாத்தாவை எர்ணாகுளத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்திலும், ஃபோர்ட் கொச்சித் தாத்தாவைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடத் தொடங்கலாம். கொச்சியின் டச்சுக்காலப் பதிவேடுகளும் எழும்பூரில்தான்!

தேடும்போது ‘சுங்கம்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். சாராயம், கள் வரி ‘அப்காரி’, சாவடி ‘சவுக்கை’. கம்பெனி காலக் காகிதங்களில் உள்நாட்டுச் சுங்கம் ‘சாயர்’. மதராஸ் மாகாணத்தில் அதை 1844-இல் எடுத்துவிட்டார்கள். 1865-இல் பிரிட்டிஷார், திருவிதாங்கூர், கொச்சி மூவரும் செய்த ஒப்பந்தத்தால் எல்லைச் சாவடிகள் பலவும் போயின. அதற்குப் பிறகு ஆளை உப்பு, புகையிலை, அப்காரிக் கட்டுகளில் தேடுவது புத்திசாலித்தனம்.

சமஸ்தானக் காகிதத்தில் ‘1075’ என்றிருந்தால் மிரள வேண்டாம். அது கொல்லம் ஆண்டு (நெல்லை, குமரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்). சிங்க (ஆவணி) மாதத்திலிருந்து டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்டுங்கள்: 1899 அல்லது 1900.

அச்சிட்ட உத்தியோகஸ்தர் பட்டியல்களில் பெரிய அதிகாரிகள்தான் இருப்பார்கள். தாத்தா சவுக்கைச் சேவகர் என்றால், சம்பளம், பென்ஷன் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.